எலுமிச்சம்பழம் ஏறாத வண்டி

கார் ரேஸ் மிஷின் வச்சுப் பிழைக்கிறவனை ஊர்ல யாரும் தொழில் பண்ணுதவன்னு சொல்ல மாட்டாவ. பிள்ளைகளைக் கெடுக்கிறவன்னு பெத்தவிய சொல்லுவாவ. அந்தப் பிள்ளைக கையில போன் வந்ததும் அதுகளும் நம்மைத் திரும்பிப் பாக்காது.

எஸ்.டி.டி. பூத் வச்சிருந்தவிய, கேசட் கடை நடத்தினவிய, பிரவுசிங் சென்டருக்குச் சேர் வாங்கிப் போட்டவிய எல்லாரும் இங்கன வந்து பக்கத்துல உக்காருங்க. நம்ம பாட்டை நாம பேசாம வேற யாரு பேசுவா? கோவில்பட்டி ஸ்டேஷனுக்குப் போற வழியில ஒரு சந்துல எனக்குக் கடை. ஒரு காலத்துல நாலு மிஷின், டோக்கன் போட்டு உக்காந்து ஓட்டுத வீடியோ கேமு. திரைக்குள்ள ஒரு சிவப்பு வண்டி, ஒரு ரோடு, ஒரு கடிகாரம். கடிகாரம் ஓடி முடியறதுக்குள்ள அடுத்த கேட்டைத் தாண்டினா இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும். தாண்டாட்டி எந்திரிச்சு அடுத்த ஆளுக்கு இடம் விடணும். இவ்வளவுதான் சட்டம். இப்போ போன்ல வாரதெல்லாம் ரேஸா? பேரைக் கொடு, நம்பரைக் கொடு, டயரை மாத்து, இஞ்சினை மாத்து, நடுவுல விளம்பரம் பாருங்குதான். வண்டியைக் கிளப்பறதுக்குள்ள எட்டயபுரம் போய்ட்டு வந்துரலாம்.

நாலுல மூணு மிஷின் ஒண்ணொண்ணாக் கண்ணை மூடிட்டு. மிச்சம் ஒண்ணு. எம் பொண்டாட்டி செல்வராணி கறாராச் சொல்லிட்டா: அதோட பிக்சர் ட்யூப் என்னைக்குப் போவுதோ, அன்னைக்கு அந்த இடத்துல ஜெராக்ஸ் மிஷின் வந்து உக்காரும். அவ சொல்லுதது நியாயந்தான். ஆனா நியாயம்னு ஒத்துக்கிட்டா நான் ரேஸ் கடைக்காரன் இல்லையே! அந்த ஒரு மிஷினோட கதைதான் இது.

பீரோவா, வண்டியா?

மிஷின் வந்த புதுசுல ஆளுக அதுல ஏறுத முன்னாடி செருப்பைக் கழட்டி வெளிய விடுவாவ. ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாவ. நானும் தடுக்கல. தொழிலுக்கு மரியாதை எந்தப் பக்கத்துல இருந்து வந்தா என்ன?

வந்தது வினை ஆயுதபூஜை அன்னைக்கு. பால்பாண்டின்னு ஒரு லாரி டிரைவர், தீப்பெட்டி பண்டல் ஏத்திட்டு வடக்க போற ஆளு, கையில நாலு எலுமிச்சம்பழத்தோட வந்து நிக்காரு. சந்தனம் வச்சாச்சு, மாலை போட்டாச்சு, பழத்தை எங்கன வைக்க? மிஷினுக்குச் சக்கரமே கிடையாது, நாலு மூலையில நாலு இரும்புக் குமிழ்தான். "போதும் பால்பாண்டி, மேல வச்சிரும்"னு சொன்னேன். அவரு கேக்கல. சந்துல போன மூணு பேரைக் கூப்பிட்டு மிஷினை ஒரு முழம் தூக்கி, குமிழுக்கு அடியில பழத்தை உருட்டிவிட்டு, 'தொப்'புனு போட்டாவ பாருங்க! பழம் நசுங்கிட்டு. கூடவே உள்ள என்னமோ நகண்டுட்டு. அன்னையில இருந்து ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்க ஆரம்பிச்சுது. நேராப் போகணும்னா வலது பக்கம் ஒரு மயிரிழை திருப்பியே பிடிக்கணும். நான் தலையில கை வச்சு உக்காந்திருக்கேன், பால்பாண்டி பழச்சாறைத் துடைச்சுக்கிட்டே சொல்லுதாரு:

"வண்டின்னா எலுமிச்சம்பழம் ஏறணும் அண்ணாச்சி. ஏறலைன்னா அது பீரோ."

கை காட்டின டிரைவர்

மில்லு பஸ் ஓட்டுத டிரைவர் ஒருத்தர் ஞாயித்துக்கிழமை தவறாம வருவாரு. வெள்ளை வேட்டி, நெத்தியில திருநீறு. சர்வீஸ்ல ஒரு கீறல் விழுந்தது கிடையாதுன்னு பேரெடுத்த மனுசன். உக்காந்து ஆக்ஸிலேட்டரை லேசா மிதிப்பாரு. பின்னாடி நீல வண்டி வரும். உடனே ஒதுங்கி, வலது கையை வெளிய நீட்டி, 'போ, போ'ன்னு ஆட்டுவாரு. நீலம் போகும், பச்சை போகும், மஞ்சள் போகும். கடிகாரம் முடிஞ்சிரும். முதல் கேட்டை அவரு கண்ணால பாத்ததே கிடையாது.

ஒருநாள் எனக்குப் பொறுக்கல. "அண்ணாச்சி, இது ரேஸு. அவனுகளை முந்தத்தான் டோக்கன் போட்டிருக்கீங்க! வெரசாப் போங்க, வெரசாப் போங்க!"ன்னு சீட்டைத் தட்டிக் கத்துதேன். அவரு கையை உள்ள எடுக்காமலே திரும்பிப் பாத்தாரு. முகத்துல கோபமே இல்ல, என்னைப் பாத்து ஒரு இரக்கந்தான்.

"அவன் என்ன அவசரத்துல போறானோ அண்ணாச்சி, வழி விட்டா நமக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

சார்ஜர் பாயிண்டு

அப்புறம் போன் வந்துச்சு. நான் சொல்லணுமா, உங்களுக்குத் தெரியாததா? ஒரு கோடை லீவுல கடையில ஆளு இல்லாம நான் மிஷினோட மிஷினா உக்காந்திருக்கேன். ஒரு காலேஜ் பையன் உள்ள வந்து நேரே ரேஸ் சீட்டுல போய்ச் சாஞ்சான். ஆகா, வந்துட்டான்யா நம்மாளுன்னு எந்திரிச்சுப் போறேன். பாத்தா பய மடியில போனை வச்சுக்கிட்டு அதுல கார் ரேஸ் விளையாடுதான். என் சீட்டு, என் ஃபேன் காத்து, ரேஸ் மட்டும் அவன் போன்ல!

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "ஏலே, எந்திரி! ஆம்பளைன்னா இதுல ஒரு கேட்டைத் தாண்டிக் காட்டு"ன்னு நானே டோக்கனைப் போட்டேன். முதல் வளைவுலயே போய்ச் செருகினான். ரெண்டாவது தடவையும் அதே இடம். இடது பக்கம் இழுக்கும்னு நான் சொல்லல, சொல்லுவேனா? மூணாவது தடவை செருகிட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில குனிஞ்சு எதையோ தேடுதான். பரவாயில்ல, தோத்தாலும் ரோசம் இருக்குன்னு நான் மனசுக்குள்ள மெச்சிக்கிட்டு நிக்கேன், பய தலையைத் தூக்கிக் கேட்டான்:

"வண்டி நமக்குச் சரிப்படாது அண்ணாச்சி. சீட்டு நல்லாருக்கு, இங்கன சார்ஜர் பாயிண்டு எதும் இருக்கா?"

மாரித்தாய் கேட்ட கேள்வி

இப்படி ஓடிக்கிட்டு இருக்கையில ஒரு நாள் மத்தியானம் மாரித்தாய் வந்தா. நாப்பது வயசு இருக்கும். தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சியைக் கட்டையில அடுக்குத வேலை, விரல் நுனியெல்லாம் மருந்து பட்டுக் காய்ச்சுப் போயிருக்கு. அவ புருசன் சண்முகவேல் குட்டியானை வண்டி வச்சு லோடு அடிக்கிறவன். நம்ம கடைக்கும் பழைய ஆளுதான். பண்டல் ஏத்தும்போது மேல இருந்து விழுந்து கால் எலும்பு முறிஞ்சு, ரெண்டு இடத்துல கம்பி வச்சிருக்கு. இனி அந்தக் கால் கிளட்ச் மிதிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வண்டி வீட்டு வாசல்ல வேப்பமரத்தடியில நிக்குது. வண்டி ஓடினாத்தான் வீடு ஓடும். சம்பளத்துக்கு ஆளு போட்டாக் கட்டுபடி ஆகல. நானே ஓட்டுதேன்னு கிளம்பிட்டா.

டிரைவிங் ஸ்கூல்ல குருசாமி மாஸ்டர் வண்டியில உக்கார வச்சிருக்காரு. எதிர்க்க ஒரு டவுன் பஸ் வரவும் இவ ஸ்டியரிங்கை விட்டுட்டு ரெண்டு கையாலயும் கண்ணைப் பொத்திக்கிட்டா. நல்லவேளை, மாஸ்டர் காலடியிலயும் ஒரு பிரேக் இருந்துச்சு. "பயம் தெளிஞ்ச பொறவு வாம்மா"ன்னு அனுப்பிட்டாரு. பயத்தை எங்கன கொண்டுபோய்த் தெளிய வைக்க? புருசன்தான் என் கடையைச் சொல்லி அனுப்பியிருக்கான். வாசல்லயே நின்னு மிஷினை மேலயும் கீழயும் பாத்தா. திரையில சிவப்பு வண்டி தன்னால ஓடிக்கிட்டு இருந்துச்சு. இத்தனை வருசத்துல யாரும் என்கிட்ட கேக்காத கேள்வியை அவ கேட்டா:

"அண்ணாச்சி, இதுல மோதினா யாருக்கும் ஒண்ணும் ஆயிராதுல்லா?"

ரோடு ஒடுங்கிப் போச்சு

முதல் நாலு நாளும் எதிர்க்க வண்டி வந்தாக் கண்ணை மூடிக்குவா. சிவப்பு வண்டி மோதி, மேல பறந்து, மூணு குட்டிக்கரணம் அடிச்சு, நேரா வந்து நிக்கும். அஞ்சாவது நாள் ஒரு கண்ணைத் திறந்து வச்சு மோதினா. வண்டி கரணம் அடிச்சதைப் பாத்துச் சிரிச்சிட்டா. நான் அப்பவே நினைச்சேன், இவ ஓட்டிருவான்னு. கடிகாரத்தைப் பாக்காத தாயி, டயம் முடிஞ்சா முடியட்டும், ஒரு வண்டி மேலயும் படாமப் போன்னு சொல்லிக் கொடுத்தேன். சீட்டைத் தட்டி வெரசாப் போன்னு கத்தாம நான் விட்ட முதல் ஆளு அவதான்.

ரெண்டாவது வாரம், அவ வளைவுல திரும்பிக்கிட்டு இருக்கையில, 'டப்'புனு ஒரு சத்தம். திரை இருட்டு. ட்யூப் போயிட்டு. உள்ள இருந்து செல்வராணி வந்து பாத்தா, போனை எடுத்து ஜெராக்ஸ்காரன் நம்பரைத் தேடுதா. டிவி மெக்கானிக் அந்தோணியைக் கூட்டியாந்தேன். "ட்யூபைக் கண்ணால பாத்தே பல வருசம் ஆச்சு அண்ணாச்சி"ன்னு அவரு கையை விரிச்சிட்டாரு. எனக்கு அழுகை வராத குறை. மறுநாள் காலையில மாரித்தாய் தலையில ஒரு மூட்டையோட வந்து நிக்கா. மூட்டையை அவுத்தா, உள்ள கவர்மெண்டு கொடுத்த இலவச டிவி! பரண்ல கிடந்துச்சாம். அதைப் பாத்துட்டு செல்வராணி போனைக் கீழ வச்சா. "இவ லைசென்ஸ் வாங்குத வரைக்கும் இருக்கட்டும். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது"ன்னுட்டா.

அந்தோணி என்ன வித்தை பண்ணினாரோ, படம் வந்துட்டு. ஆனா டிவி சின்னது, மிஷினோட ஜன்னல் பெருசு. சுத்திக் கிடந்த ஓட்டையை மாரித்தாய் கொண்டுவந்த தீப்பெட்டி அட்டையை வச்சு அடைச்சோம். நடுவுல ரோடு, ரெண்டு பக்கமும் வரிசையா மிளகாய்ப்பழம் போட்ட லேபிள். ஞாயித்துக்கிழமை மில்லு பஸ் டிரைவர் வந்து உக்காந்து, கொஞ்ச நேரம் உத்துப் பாத்தாரு.

"என்ன அண்ணாச்சி, ரோட்டை ரெண்டு பக்கமும் தீப்பெட்டி ஆபீஸ்காரவிய ஆக்கிரமிச்சுட்டாவளா?"

எதிர்க்க வாரவன் பயம்

அந்த ஒடுங்கின ரோட்டுல மாரித்தாய் ஒண்ணு மேலயும் படாம நாலாவது கேட்டைத் தாண்டினா. அந்த மிஷின்ல நாலாவது கேட்டை நானே பாத்து வருசமாச்சு. கைதட்டி டிரைவிங் ஸ்கூலுக்கு அனுப்பிவச்சேன், என்னமோ நான்தான் லைசென்ஸ் கொடுக்கிறவன் மாதிரி.

மூணாம் நாள் குருசாமி மாஸ்டர் வேர்க்க விறுவிறுக்க கடைக்குள்ள வாராரு. "யாரு வே அவளுக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது?" நான்தான்னு நெஞ்சை நிமித்தினேன். "நீரே உக்காந்து பாரும்"ன்னு சீட்டைக் காட்டினேன். மாஸ்டர் உக்காந்தாரு. இத்தனை வருசம் ஊருக்கே வண்டி சொல்லிக் கொடுத்த மனுசன், மூணு தடவையும் இடது பக்கம் போய்க் குப்புற விழுந்தாரு. நாலாவது தடவை வலது பக்கம் மயிரிழை திருப்பிப் பிடிச்சாரு, வண்டி நேராப் போச்சு. அவருக்கு விளங்கிட்டு. எனக்கும் அப்பத்தான் பகீர்னுச்சு, இவ நிஜ ரோட்டுலயும் வலது பக்கம் திருப்பியே பிடிச்சிருக்கா. பால்பாண்டி அன்னைக்குப் போட்ட எலுமிச்சம்பழம் இவ்வளவு தூரம் வந்திருக்கு! அன்னைக்கே அந்தோணியைக் கூட்டியாந்து ஸ்டியரிங்கை நேராக்கினேன். சீட்டை விட்டு எந்திரிக்கையில மாஸ்டர் வேர்வையைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னாரு:

"அவ பயம் தெளிஞ்சிட்டு வே, அது உம்ம புண்ணியம். இப்ப பயம் எல்லாம் எதிர்க்க வாரவனுக்குத்தான்."

மிஷின்ல இல்லாத கியர்

கை நேரா வந்துச்சு. டெஸ்ட்டு நாளும் வந்துச்சு. இன்ஸ்பெக்டர் முன்னாடி போகச் சொன்னாரு, போனா. நிப்பாட்டச் சொன்னாரு, நிப்பாட்டினா. பின்னால வரச் சொன்னாரு. அவ்வளவுதான், கண்ணாடியைப் பாக்கவும் கை காலெல்லாம் நின்னு போச்சாம். வண்டி நின்ன இடத்துலயே நின்னுச்சு. மாஸ்டர் ரிவர்ஸ் சொல்லிக் கொடுக்காம இல்ல. ஆனா அவ பயம் தெளிஞ்சது என் மிஷின்ல, என் மிஷின்ல பின்னால போறதுன்னே ஒண்ணு கிடையாது.

சாயந்தரம் வந்து சொன்னா. நிஜத்தைச் சொல்லுதேன், கேட்டதும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம் எட்டிப் பாத்துச்சு. லைசென்ஸ் தள்ளிப் போனா மிஷினும் இருக்குமே! அடுத்த நிமிசம் அவ முகத்தைப் பாத்தேன். சீ, நீயெல்லாம் ஒரு மனுசனான்னு என்னையே திட்டிக்கிட்டேன். இப்ப சொல்லும்போதும் வெக்கமாத்தான் இருக்கு. ரிவர்ஸ் பழகுததுக்கு மறுநாளே நானும் அவளோட கம்மாய்க்குப் போனேன். தண்ணி வத்தின கரிசல் தரை, பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு. சண்முகவேல் கம்பி வச்ச காலை நீட்டிக்கிட்டு ஒரு பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து, "வரட்டும், வரட்டும், ஸ்டியரிங்கை ஒடி, ஒடி"ன்னு கத்துதான். நானும் எதிர்ப்பக்கம் நின்னு கத்துதேன். ரெண்டு பேரும் ரெண்டு விதமாக் கத்தவும் அவ வண்டியை நிப்பாட்டிட்டு இறங்கி வந்தா. எங்க ரெண்டு பேரையும் பாத்து ஒரே போடாப் போட்டா:

"ரெண்டு பேரும் செத்த வாயை மூடுங்க. இது நானாப் படிக்க வேண்டியது."

முதல் லோடு

ரெண்டாவது தடவை பின்னால வந்து காட்டிட்டா. லைசென்ஸ் கைக்கு வந்த அன்னைக்கு முதல்ல கடைக்குத்தான் வந்தா. செல்வராணி அவ வாயில சீனியை அள்ளிப் போட்டா. பொறவு என்னைப் பாத்தா. அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும், சொன்ன சொல்லை நான் மீற முடியாது. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள குருசாமி மாஸ்டர் உள்ள வந்தாரு. "வே, அந்த மிஷினை ஸ்கூலுக்குத் தாரும். பயந்தாங்கொள்ளி ஆளுகளை முதல் பத்து நாள் இதுல உக்கார வைக்கணும்"ன்னாரு. ஊர்ல ஒருத்தனும் சீண்டாத என் மிஷினை டிரைவிங் மாஸ்டர் வந்து கேக்காரு! எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. கொண்டுபோங்கன்னு நானே ப்ளக்கைப் புடுங்கினேன்.

மாரித்தாயோட முதல் லோடு அதுதான். ஜெராக்ஸ் மிஷினை ஏத்திட்டு வந்தா, ரேஸ் மிஷினை ஏத்திட்டுப் போகணும். எங்க சந்து உங்களுக்குத் தெரியாது. ஆட்டோக்காரனே முனையில இறக்கி விட்டுட்டுப் போயிருவான். அவ கண்ணாடியைப் பாத்துக்கிட்டே ரிவர்ஸ்ல வந்தா. ஒரு சுவத்துல உரசல, ஒரு சைக்கிளைத் தட்டல, நேரா என் வாசப்படியில வந்து நிப்பாட்டினா. சந்தே வேடிக்கை பாத்துச்சு. மிஷினை ஏத்திக் கயிறு போட்டதும் பால்பாண்டி நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்து நாலு சக்கரத்துக்கும் வச்சாரு. வண்டி ஏறுச்சு, மேல இருந்த மிஷினும் ஏறுச்சு. "இப்பச் சரி"ன்னு பால்பாண்டி தலையை ஆட்டினாரு.

நான் முன்னாடி அவ பக்கத்துல உக்காந்தேன். ஸ்டேஷன் ரோட்டுல ஒரு பள்ளம், மிஷின் ஒரு குலுங்கு குலுங்குச்சு. பைய தாயி, பைய, உள்ள ட்யூப் இருக்குன்னேன். ஒரு லாரி முந்த வந்துச்சு, அவன் போகட்டும் தாயி, வழி விடுன்னேன். நானா பேசுதேன்னு எனக்கே ஆச்சரியம். நாலாவது தடவை நான் 'பைய'ன்னு சொல்லவும், மாரித்தாய் ரோட்டுல இருந்து கண்ணை எடுக்காமச் சொன்னா:

"சும்மா வாங்க அண்ணாச்சி. இதுல டயம் முடியாது."

இருபத்தஞ்சு வருசமா ஊரையே 'வெரசாப் போ, வெரசாப் போ'ன்னு விரட்டிப் பிழைச்சவன் நான். என் மிஷின் நிஜ ரோட்டுல ஓடினது அந்த ஒரே ஒரு தடவைதான், அதுவும் ஸ்பீடு முள்ளு இருபதைத் தாண்டல, அதுவே எனக்கு வேகமாத் தெரிஞ்சுது.